நான் அழித்த கோடு

கூலாய் மருத்துவமனை வாசலைத் தாண்டி, செனாய் போகும் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். மாலை ஐந்தரை மணி இருக்கும். லோரிகள் தோளை உரசுவதுபோல் போயின. பின்னால் ஒரு பெண் "அண்ணே, நில்லுங்கண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தது காதில் விழுந்தும் நான் திரும்பவில்லை. அது சூசையின் மனைவி ஆரோக்கியமேரி. கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் வைத்திருந்தார். மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். புருஷனைக் காப்பாற்றியவன் பசியோடு போகிறானே என்று ஓடி வந்திருக்கிறார். நான் நடையை எட்டிப் போட்டேன். விளக்கு மாறுவதற்குள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பெண்ணின் புருஷன் அன்று காலை ஒரு கோடாக என் திரையில் தெரிந்தார். நான் ஒரு பொத்தானை அமுக்கி அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

அது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது நான் வயதாகி, வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். போன மாதம் மிஸ் புவனா கூப்பிட்டார். ஒரு காலத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். என்னைவிடப் பதினேழு வயது இளையவர். "அண்ணே, இப்ப ரேடார் எல்லாம் போன்ல கனெக்ட் ஆகுது. புதுசா வந்த பிள்ளைங்க லோரியில ஏர்கான் போட்டு உக்காந்துகிட்டே செட்டிங் முடிச்சிடுறாங்க. மேல ஏறுறதே இல்ல. நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார். எதைப் பற்றி எழுத என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். மெர்சிங்கில் மீன் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டினேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டினேன். செனாயில் நாற்காலி செய்யும் இடத்தில் சாயம் அடித்தேன். ஓரிடத்தில் மூன்று வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். வேலை இல்லாத காலத்தில் பேருந்து நிலையத்தில் படுத்ததுண்டு. இரண்டு மாதம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவி, அங்கேயே தின்று, அங்கேயே தூங்கியதும் உண்டு. நாற்பத்து நான்கு வயதில் கருவி பொருத்தும் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். உயரத்துக்குப் பயப்படாதவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. மற்றதெல்லாம் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான்.

நாங்கள் பொருத்திய ரேடார் எண்ணெய்த் தொட்டியின் கூரையில் உட்கார்ந்து கீழே பார்க்கும் கருவி. அலையை அனுப்பும், எண்ணெயில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அப்படித்தான் தெரியும். பார்த்தால் சின்னப் பொருள். கழுத்தில் தலை, கீழே புனல்போல் விரிந்த கொம்பு. ஆனால் அதைப் பொருத்துவதில் சோம்பல் கூடாது.

கூரையின் நடுவில் வைக்கக் கூடாது. கூரை குடைபோல் வளைந்திருப்பதால் அலை திரும்பத் திரும்ப அங்கேயே வந்து குவியும். சுவரை ஒட்டியும் கூடாது, சுவரே எதிரொலிக்கும். எண்ணெய் வந்து கொட்டும் குழாய்க்கு நேர் மேலேயும் கூடாது. கூரையில் பற்றவைத்திருக்கும் குட்டைக் குழாய்க்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் கரடு இருந்தால் அரம் போட்டுத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். கருவியின் கொம்பு அந்தக் குழாயைத் தாண்டி ஒரு விரல் அளவாவது கீழே இறங்கியிருக்க வேண்டும். போல்ட்டுகளை வரிசையாக முறுக்கக் கூடாது. ஒன்றுக்கு எதிரில் இருப்பதை அடுத்து முறுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையில் ஒரு சின்னப் பள்ளம் போட்டிருப்பார்கள், அது பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். பிறகு தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, உள்ளே இருக்கும் ஏணியின் எதிரொலி எப்போது குறைகிறது என்று பார்த்து நிறுத்த வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் காலியான தொட்டியில் கருவி எதையாவது பார்க்கும். ஏணியைப் பார்க்கும், குறுக்குக் கம்பியைப் பார்க்கும், எண்ணெயைச் சூடாக வைத்திருக்க அடியில் சுற்றிப் போட்ட நீராவிக் குழாயைப் பார்க்கும். அதெல்லாம் திரையில் மேடுமேடான கோடுகளாக வரும். இது எண்ணெய் இல்லை, இதைக் கண்டுகொள்ளாதே என்று கருவிக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அதற்குப் பிறகு அந்தப் பொருள் கருவியின் கண்ணுக்கு இல்லை.

மிஸ் புவனா அந்தப் பொத்தானுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பேர் வேண்டும். வரைபடத்தைப் பார்த்து எழுதுகிற பேர் செல்லாது. கூரையில் இருக்கும் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, கண்ணால் பார்த்த பேரைச் சின்னப் புத்தகத்தில் எழுத வேண்டும். பேர் இல்லாத கோடு ஒன்று மிச்சம் இருந்தாலும் பொத்தானைத் தொடக் கூடாது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பார், கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். பொய் சொல்லும்போது என் கட்டைவிரல் சும்மா இருக்காது, அதை அவர் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அன்றைக்கு அவர் கீழே இருந்தார், நான் மேலே இருந்தேன். நடுவில் வாக்கிடாக்கி மட்டும்தான்.

பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் எண்ணெய் ஆலை அது. சுத்தம் செய்வதற்காக ஒரு தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். வெளிக் குத்தகைக்காரரின் ஆட்கள் நான்கு பேர் மூன்று நாளாக உள்ளே இறங்கி, அடியில் உறைந்த கசடைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சூசை அவர்களில் ஒருவர். நாற்பதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர். காலையில் நான் கருவியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது கீழிருந்து கத்தினார்.

"என்ன மாரி அண்ணே, நாதஸ்வரத்த மேல கொண்டு போறீங்க? டேங்குக்குக் கல்யாணமா?"

"ஆமா, நீதான் மாப்பிள்ளைத் தோழன். மொதல்ல குளிச்சிட்டு வா" என்றேன்.

"இந்த நாத்தம் மூணு தடவ சோப்பு போட்டாலும் போகாதுலா. எங்க மேரி என்னை வாசல்லயே நிக்க வச்சு ஹோஸ் பைப்புல அடிக்கிறா."

பதினோரு மணிக்கு அவர்கள் வேலை முடிந்தது. உள்ளே போகிற ஆள் தன் பேர் அட்டையை வாசலில் உள்ள பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு அட்டையும் எடுத்தாகிவிட்டது. வாசலில் காவல் நின்றவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே காற்று ஊதும் இயந்திரத்தையும் கழற்றிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். கீழ்வாசல் கதவை மட்டும் இன்னும் போல்ட் போட்டு மூடவில்லை. தொட்டி காலி என்று மிஸ் புவனாவுக்குச் சொன்னார்கள், அவர் எனக்குச் சொன்னார்.

கருவியை நான் ஒழுங்காகத்தான் பொருத்தியிருந்தேன். குமிழ் நடுவில் நின்றது. கணினியைக் கேபிளில் மாட்டினேன். திரையில் ஏணி வந்தது, குறுக்குக் கம்பி வந்தது, கடைசியில் தொட்டியின் தரை பெரிய மேடாக வந்தது. தரைக்கு ஓர் அடி மேலே இன்னொரு கோடு. வரைபடத்தைப் பிரித்தேன். அந்த உயரத்தில்தான் நீராவிக் குழாய் போட்டிருந்தது. சரி, குழாய்.

ஒன்று மட்டும் உறுத்தியது. மற்றக் கோடுகள் எல்லாம் ஆணி அடித்ததுபோல் நிற்க, இது மட்டும் லேசாக ஏறி இறங்கியது. கேபிள் காற்றில் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கேபிளைக் காலால் மிதித்தேன். அப்போதும் ஆடியது.

மூடி இரண்டடி தள்ளி இருந்தது. டார்ச் கீழே லோரியில் இருந்தது. வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி விழுந்தால் கூரையைவிட்டு இறங்கிவிட வேண்டும். மறுபடி ஏறி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தகரம் பூட்ஸைத் தாண்டிச் சுட்டது. காரணம் சொல்லிக்கொண்டே போகலாம். நான் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வாக்கிடாக்கியில் மிஸ் கேட்டார். "எத்தன கோடு அண்ணே?"

"நாலு மிஸ்."

"தரைக்குப் பக்கத்துல இருக்குறதுக்கு என்ன பேரு?"

"நீராவிக் குழாய்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மிஸ்."

என் கட்டைவிரல் வாக்கிடாக்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. பிறகு "சரி, சேவ் பண்ணுங்க" என்றார். அமுக்கினேன். பதினொன்று முப்பத்தெட்டு. அந்த நேரம் கருவியிலேயே பதிவாகிவிடும், யாரும் மாற்ற முடியாது. கோடு போய்விட்டது. அந்த இடம் தட்டையானது.

கீழே இறங்கினேன். பக்கத்தில் வளைந்த பழைய குழாய்கள் கொஞ்சம் புல்லில் கிடந்தன. அவற்றின்மேல் உட்கார்ந்து, பால் ஊற்றாத தேநீரான தே ஓ பாக்கெட்டின் ஸ்ட்ராவை வாயில் வைத்தேன். ஆலையின் வெல்டர் ஒருவர் அந்த வழியே வந்தார்.

"அண்ணே, எந்திரிங்க. சிலுவாரு, சட்டையெல்லாம் துருவாயிடும். ரெண்டு நாளா மழையில கெடக்கு."

"என்ன குழாய் இது?"

"உங்க டேங்கோடதுதான். நீராவிக் குழாய். ஓட்ட விழுந்திருச்சுன்னு முந்தாநாள் வெட்டி எடுத்துட்டோம். புதுசு அடுத்த வாரந்தான் வருது."

உள்ளே குழாய் இல்லை. அப்படியானால் நான் பார்த்தது என்ன? ஏறி இறங்கியது என்ன?

"அண்ணே, எங்க ஓடுறீங்க?" என்று அவர் பின்னால் கத்தினார்.

லோரிக்கு ஓடி டார்ச்சை எடுத்தேன். கீழ்வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. தலையை உள்ளே விட்டு அடித்தேன். வெளிச்சம் முதலில் எதிர்ச் சுவரில் விழுந்தது. கீழே இறக்கினேன். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸின் அடிப்பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் கீழிருந்து கத்தியவரின் பூட்ஸ்.

"சூசை!"

என் குரலே திரும்பித் திரும்பி வந்தது. அவர் அசையவில்லை. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ இடுப்புப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். நான் மல்லாந்து புல்லில் விழுந்தேன். மிஸ் புவனா. என்னில் பாதி எடைகூட இருக்கமாட்டார்.

"உள்ள காத்து இல்ல! ஒருத்தர எடுக்கப் போய் ரெண்டு பேர எடுக்கணுமா? நில்லுங்க!"

அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெல்டர் ஓடிப்போய்க் காற்று இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். ஆலையின் மீட்பு ஆட்கள் இருவர் முதுகில் சிலிண்டரோடு வந்தார்கள். முகமூடியைப் பொருத்துவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு பகல் முழுவதும் போலிருந்தது. எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது என் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி பேசியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த பையனுக்கு இங்கே நடப்பது எதுவும் தெரியாது.

"மாரி அண்ணே, ரீடிங் சூப்பர்லா! அப்படியே நிக்குது. ஜீரோ. டேங்க் காலி."

எனக்கு ஐந்து மீட்டர் தள்ளி சூசை கிடக்கிறார். தொட்டி காலி என்று கருவி சொல்கிறது. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது சொல்கிறது. மிஸ் என் இடுப்பிலிருந்து வாக்கிடாக்கியை எடுத்து நிறுத்தினார்.

சூசை தன் கண்ணாடியை எடுக்கத்தான் உள்ளே போயிருக்கிறார். வேர்வை துடைக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளே ஓர் இரும்பு விளிம்பில் வைத்து மறந்துவிட்டார். ஒரு நிமிஷம்தானே என்று அட்டை மாட்டாமல் திரும்பவும் உள்ளே நுழைந்திருக்கிறார். கூட வந்தவர்கள் அவர் சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். வெளியே தூக்கி வந்தபோது கண்ணாடி அவர் கைக்குள் இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை. உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது, எண்ணி எண்ணி வந்தது.

கூலாய் மருத்துவமனையில் நடைபாதை முழுக்க ஆட்கள். எப்படியோ செய்தி பரவியிருந்தது. ரேடார் பொருத்துகிற மாரிமுத்துதான் சந்தேகப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தாராம். ஆரோக்கியமேரி என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க மட்டும் பாக்கலன்னா என் பிள்ளைங்களுக்கு அப்பா இல்லண்ணே. மாதா மாதிரி வந்தீங்க."

பக்கத்தில் மிஸ் புவனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரமான அந்தக் கைகளிலிருந்து என் கையை உருவிக்கொண்டு வெளியே போனேன்.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு மிஸ்ஸும் வந்தார். காரின் முன்மூடிமேல் கணினியை வைத்தார். "ரிப்போர்ட் எழுதணும். நீங்க சொல்லுங்க, நான் மலாயில அடிக்கிறேன்."

சொன்னேன். பதினொன்று முப்பத்தெட்டு என்று சொன்னேன். ஐந்து நிமிஷம் குறைய பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்தேன் என்று சொன்னேன். இடையில் பதினேழு நிமிஷம்.

"பாத்தேன்னு எங்கிட்ட சொன்னதையும் போடட்டுமா?"

"போடுங்க மிஸ்."

"வேற?"

"அந்தக் கோடு ஆடிக்கிட்டு இருந்துச்சு. மூச்சு விடுற மாதிரி. அதையும் போடுங்க."

அவர் விரல்கள் நின்றுவிட்டன. கோடு ஆடியது அதுவரை அவருக்குத் தெரியாது. முதல் தடவையாகக் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். பிறகு அடித்தார். படித்துக் காட்டினார். மறுநாள் நகல் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். இப்போதே தாளில் எழுதுங்கள், போட்டுவிடுகிறேன் என்றேன். எழுதினார், போட்டேன். பின்னால் விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடமும் அதையேதான் சொன்னேன்.

தலைக்கவசத்தைக் காரின்மேல் வைத்தேன்.

"நாளைக்கு வருவீங்களா?"

"மாட்டேன் மிஸ்."

"போறது உங்களுக்கு லேசு அண்ணே. எத்தன எடத்த விட்டுப் போயிருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுட்டது. நடந்தேன்.

சூசை பிழைத்தார். வலது கை முன்போல் இல்லை, பேச்சும் கொஞ்சம் தேடித்தான் வரும். சில மாதம் கழித்து வீட்டுக்குப் போய், மேரியையும் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மேரி எழுந்து உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அவர் என்னோடு பேசியதில்லை. சூசை இடது கையால் வலது கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கோடு... ஆடுச்சா?"

"ஆடுச்சு."

"அப்ப நான் கூப்புட்டுக்கிட்டுதான் இருந்திருக்கேன்" என்றார்.

அது பின்னால் நடந்தது. அன்று மாலை அவர் பிழைப்பாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் செனாய் போய்ச் சேர்ந்து, பழைய நண்பரின் அறையில் பாயை விரித்தேன். தூங்கவில்லை. விடிந்ததும் ரொட்டிச் சானாய் கடைக்குப் போனேன். அங்கே காலையில் ஆள் எடுக்க வரும் குணா என்ற குத்தகைக்காரரை எனக்கு முன்பே தெரியும். தொழிற்பேட்டையில் ஒரு தொட்டி சுத்தம் செய்ய வேண்டும், ஆள் குறைகிறது என்று தட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள எறங்க ரெண்டு பேரு இருக்காங்க. வாசல்ல நிக்கத்தான் ஆள் கெடைக்கல. யாரும் வரமாட்றாங்கலா. போன் பாக்கக் கூடாது, பேசக் கூடாது, ஒண்ணுக்குக்கூட ஆள் மாத்திட்டுத்தான் போகணும். சும்மா நிக்கணும். நீங்க பெரிய பெரிய கருவியெல்லாம் மாட்டுற ஆளு, உங்களுக்கு எதுக்கு?"

"நான் நிக்கிறேன்" என்றேன்.

"வெளையாடாதீங்கண்ணே."

"எத்தன மணிக்கு?"

ஏழரைக்கு ஆரம்பித்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. உள்ளே இறங்கிய இரண்டு பேரில் ஒருவர் மீசைக்காரர். சுரண்டிக்கொண்டே அடிக்கடி வாசல் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் என் தலை அங்கேயே இருந்தது.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்த மாதிரி இப்படி மொறச்சுப் பாக்குறீங்க? வெக்கமா இருக்குலா!"

"வெக்கப்பட்டுக்கிட்டே வேலையப் பாரு தம்பி" என்றேன். "நான் பாக்கத்தான் நிக்கிறேன்."